கூடைப்பந்து சோறு போடுமா?

(டி. கல்லுப்பட்டியில் மாணவர்களும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஊரில் பேச வருகிறவர்கள் காந்தி நிகேதன் ஆசிரமத்தையும் ஜே. சி. குமரப்பாவையும் வணங்கிவிட்டுத்தான் தங்கள் விஷயத்துக்கு வருவார்கள். நானும் அப்படியே தொடங்குகிறேன். எனக்கு அதில் ஒரு சொந்த வசதியும் இருக்கிறது. காந்தியப் பொருளாதாரத்தை வகுத்தவர் என்று நாம் போற்றும் குமரப்பா, அதற்கு முன்னால் ஒரு தணிக்கையாளர். லண்டனில் கணக்கு படித்தார், பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார், பிறகு அமெரிக்கா போய்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தார். காசு யார் கையிலிருந்து புறப்பட்டு யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதுதான் அவர் வாழ்நாளெல்லாம் பார்த்த கணக்கு. கடைசிக் காலத்தை இந்த மண்ணில் கழித்து, 1960 ஜனவரி 30 அன்று மறைந்தார்.

இன்று நான் எடுத்துக்கொண்டது விளையாட்டு. ஆனால் அதை அந்தத் தணிக்கையாளரின் கண்ணோடுதான் பார்க்கப் போகிறேன். ஏனென்றால் பிள்ளை சாயங்காலம் பந்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது உங்கள் வீட்டில் எழுகிற கேள்வி கணக்குக் கேள்வி. "இது சோறு போடுமா?" இந்தக் கேள்வியைக் கேட்கிற பெற்றோரைக் கேலி செய்வது மேடைப் பேச்சாளர்களுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. நான் செய்ய மாட்டேன். மானாவாரியில் பருத்தி போட்டு, மழையை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர் அந்தக் கேள்வியைக் கேட்காவிட்டால்தான் தவறு.

பதிலுக்கு ஒருவருடைய ஆட்ட வாழ்க்கையை உங்கள் முன் வைக்கிறேன். அவர் பெயர் கீது அன்னா ஜோஸ்.

கேரளத்தின் கோட்டயம் பக்கத்துக்காரர். 1985இல் பிறந்தவர். உயரம் ஆறடி இரண்டு அங்குலம். கேரளத்தில் பிறந்தாலும் அவருக்குச் சம்பளம் கொடுத்தது சென்னை; தெற்கு ரயில்வேயின் ஊழியர். இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கியவர். 2006 முதல் 2008 வரை ஆஸ்திரேலியாவில், மெல்பர்ன் நகரின் புறநகரான ரிங்வுட்டின் ஹாக்ஸ் அணிக்கு ஆடினார். ஆஸ்திரேலியக் கழகம் ஒன்றுக்காகப் பணம் பெற்று ஆடிய முதல் இந்தியப் பெண் அவர்தான். பிறகு தாய்லாந்திலும் மாலத்தீவிலும் கழகங்களுக்கு ஆடினார். 2011 ஏப்ரலில் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமான டபிள்யூ.என்.பி.ஏ.வின் மூன்று அணிகள், அதாவது சிகாகோ ஸ்கை, லாஸ் ஏஞ்சலஸ் ஸ்பார்க்ஸ், சான் அன்டோனியோ சில்வர் ஸ்டார்ஸ், அவரைத் தேர்வு ஆட்டத்துக்கு அழைத்தன. அப்படி அழைக்கப்பட்ட முதல் இந்தியரும் அவரே. 2014இல் அர்ஜுனா விருது.

ஓர் ஆட்டக்காரரின் குறிப்பாகப் பார்த்தால் இது பெருமைக்குரிய பட்டியல். கணக்கு நோட்டாகப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஆஸ்திரேலியப் பணம் சில பருவங்கள். தாய்லாந்தும் மாலத்தீவும் சில வாரங்கள், சில மாதங்கள். அமெரிக்கா ஒப்பந்தம் தரவில்லை. மாதம் தவறாமல் வந்தது ரயில்வே சம்பளம் ஒன்றுதான். இந்தியாவின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்துப் பெண்ணுக்கு உண்மையில் சோறு போட்டது ரயில்.

இது ஏன் இப்படி என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் கூடைப்பந்தை 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் உருவாக்கினார். பனிக்காலத்தில் கூரைக்குள் ஆட ஒரு விளையாட்டு வேண்டும்; அவ்வளவுதான் அவருக்கு இட்ட பணி. பீச் பழக்கூடை இரண்டை மாடிக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார்கள். அந்தக் கைப்பிடி தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. இன்றைக்கும் உலகம் முழுக்க வளையம் பத்தடியில்தான் இருக்கிறது.

ஐந்தே ஆண்டில் காசு உள்ளே வந்துவிட்டது. 1896 நவம்பர் 7. நியூஜெர்சி மாநிலத்தின் டிரெண்டன் நகரம். அங்கிருந்த ஒய்.எம்.சி.ஏ. அணி தன் நிர்வாகத்தோடு மனஸ்தாபப்பட்டு வெளியே வந்து, மேசானிக் கோயில் என்ற கட்டடத்தின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, டிக்கெட் விற்று ஆடியது. வாடகை போக மிஞ்சியதைப் பங்கு போட்டபோது ஆளுக்கு 15 டாலர். தலைவர் ஃபிரெட் கூப்பருக்கு மட்டும் ஒரு டாலர் கூடுதல். உலகின் முதல் தொழில்முறைக் கூடைப்பந்து ஆட்டம் என்று வரலாற்று நூல்கள் பொதுவாகக் குறிப்பது இதைத்தான். பந்து வெளியே போனால் பார்வையாளர்கள் மேல் விழுந்து அடிதடி ஆகும் என்பதால், டிரெண்டன்காரர்கள் ஆடுகளத்தைச் சுற்றிக் கம்பி வலையும் கட்டினார்கள். அந்தக் காலத்துத் தொழில்முறை ஆட்டக்காரர் நிஜமாகவே கூண்டுக்குள் ஆடியவர். வலையில் உரசி ரத்தக் காயத்தோடு வீடு போவது அவர்களுக்குச் சாதாரணம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது பணம் வந்த வழி. பார்த்தவன் கொடுத்தான், ஆடியவன் வாங்கினான். நடுவில் வேறு முதலாளி இல்லை.

ஆனால் அந்த வழி அமெரிக்காவிலேயே அவ்வளவு எளிதாக நிலைக்கவில்லை. லீக்குகள் தோன்றும், இரண்டு பருவத்தில் கலைந்துபோகும். கூட்டம் வராவிட்டால் சம்பளமும் வராது. அந்த இடைவெளியில் உள்ளே நுழைந்தவை தொழிற்சாலைகள். டயர் செய்யும் குட்இயரும் ஃபயர்ஸ்டோனும் மின்சாதனம் செய்யும் ஜெனரல் எலெக்ட்ரிக்கும் முன்னின்று 1937இல் ஒரு தேசிய லீக்கைத் தொடங்கின. அணிகளின் பெயரே கம்பெனிப் பெயர். இன்று டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் என்று அமெரிக்க ஆண்கள் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வில் ஓர் அணி ஆடுகிறதே, அது ஃபோர்ட் வெய்ன் நகரில் பிஸ்டன் வார்த்த ஃபிரெட் ஸோல்னர் என்ற முதலாளியின் தொழிற்சாலை அணியாகப் பிறந்தது. கம்பெனி போய்விட்டது, பிஸ்டன் மட்டும் பெயரில் ஒட்டிக்கொண்டது.

இந்த இடத்தில் பெற்றோர்கள் விரும்பக்கூடிய ஒரு மனிதரைச் சொல்கிறேன். பாப் கர்லண்ட். ஏழடி உயரம். ஒக்லஹோமா வேளாண் கல்லூரிக்காக 1945, 1946 இரண்டு ஆண்டும் தேசியக் கல்லூரிப் பட்டம் வென்றவர். தொழில்முறை அணிகள் அவரைக் கேட்டன. அவர் போகவில்லை. பிலிப்ஸ் பெட்ரோலியம் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, அந்தக் கம்பெனி அணிக்கு ஆடினார். கையில் வேலை, மாலையில் ஆட்டம். 1948 லண்டன், 1952 ஹெல்சிங்கி, இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம். ஆட்டத்தை நிறுத்திய பிறகும் அதே கம்பெனியில் உயர்ந்து, உயரதிகாரியாக ஓய்வு பெற்றார். அவருடைய சமகாலத்துப் போட்டியாளர் ஜார்ஜ் மைக்கன் மறு பக்கம் போனார். தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். 1949 டிசம்பரில் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் வாசலில் அன்றைய ஆட்டத்துக்கு அணிப் பெயருக்குப் பதிலாக 'ஜார்ஜ் மைக்கன் எதிர் நிக்ஸ்' என்று எழுதிப் போட்டார்கள். ஒரு மனிதனைப் பார்க்க ஊர் டிக்கெட் எடுத்தது. அவருடைய சக ஆட்டக்காரர்கள், அப்படியானால் நீயே தனியாகப் போய் ஆடு என்று உடை மாற்றாமல் உட்கார்ந்து கிண்டல் செய்தார்களாம்.

கர்லண்ட் வழி, மைக்கன் வழி என்று இரண்டு இருந்தன. அமெரிக்காவில் காலப்போக்கில் மைக்கன் வழி வென்றது. இந்தியாவில் நாம் கர்லண்ட் வழியிலேயே நின்றோம்.

நிரூபணம் வேண்டுமா? உசிலம்பட்டி தாண்டி, தேனி தாண்டிப் பெரியகுளம் போங்கள். அறுபதுக்கு மேற்பட்ட ஆண்டுகளாகச் சில்வர் ஜூபிலி விளையாட்டுக் கழகம் அங்கே அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி நடத்துகிறது. பி. டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவுச் சுழற்கோப்பை. மே மாதம், மின்னொளி ஆட்டம், மாம்பழக் காலம். பகல் வெயில் இறங்கியதும் சுற்றுவட்டாரமே கேலரியில் ஏறிவிடும். கூடைப்பந்து மேல்தட்டுப் பள்ளிக்கூட விளையாட்டு என்று நினைப்பவர்கள் அந்தக் கூட்டத்தை ஒருமுறை பார்க்க வேண்டும். நன்றாகப் போட்ட பந்துக்கு விசில் அடிக்கவும், நடுவர் தவறு செய்தால் அவருக்கு விதி சொல்லிக் கொடுக்கவும் தெரிந்த கூட்டம் அது.

அங்கே ஆட வருகிற அணிகளின் பெயரைக் கேளுங்கள். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. இந்தியன் வங்கி. ஐ.சி.எஃப். வருமான வரி. சுங்கம். ராணுவம். கடற்படை. கேரள மின்வாரியம். இவை எல்லாம் ஊர்ப் பெயர்களா? அலுவலகங்கள். வளையத்துக்கு அடியில் வரித்துறையும் வங்கியும் முட்டிக்கொள்வதைப் பார்க்க நமக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் பிறந்ததிலிருந்து இப்படித்தான் பார்த்து வருகிறோம். நம் நாட்டில் சம்பளம் வாங்கும் கூடைப்பந்து ஆட்டக்காரர் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், இருக்கிறார்கள். அவர்கள் பெயர் வருகைப் பதிவேட்டில் குமாஸ்தா, டிக்கெட் பரிசோதகர், உதவியாளர் என்று இருக்கும்.

இந்த ஏற்பாட்டை நான் குறைத்துப் பேச வரவில்லை. சொல்லப்போனால் சாதிக்காரர் சிபாரிசும் நிலபுலனும் இல்லாத வீட்டிலிருந்து, ஒரு பந்தை மட்டும் வைத்துக்கொண்டு மத்திய அரசு வேலைக்குள் நுழைந்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். சென்னையின் அனிதா பால்துரையை எடுத்துக்கொள்ளுங்கள். கீதுவோடு ஒரே அணியில் ஆடியவர், அவரும் தெற்கு ரயில்வே. 2000 முதல் 2017 வரை இந்திய அணியில் இருந்தார். 19 வயதில் அணித்தலைவர். ஆசியச் சாம்பியன்ஷிப்பில் தொடர்ந்து ஒன்பது முறை ஆடினார். 2021இல் பத்மஸ்ரீ. குழந்தை பெற்ற பிறகும் களத்துக்குத் திரும்பி வந்தார். ஒரு தனியார் லீக்கின் ஒரு பருவ ஒப்பந்தத்தில் இருக்கும் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தால் என்ன ஆகும்? அடுத்த பருவம் அந்த இடத்தில் வேறொருவர் ஆடிக்கொண்டிருப்பார். அரசு வேலை மகப்பேறு விடுப்பு கொடுத்தது, திரும்பி வர இடமும் வைத்திருந்தது. பதினேழு ஆண்டு ஆட்டத்துக்குப் பின்னால் அந்தச் சம்பளச் சீட்டு இருக்கிறது.

ஆக, ரயில்வே ஆட்டக்காரரைக் காப்பாற்றியது. ஆட்டத்தை வளர்த்ததா? 2011 ஏப்ரலுக்கு வருவோம், விடை அங்கே கிடைக்கும்.

கீது அமெரிக்கா போனபோது வயது 25. ஆசியாவில் அவரை மறித்து நிறுத்துவது எதிரணிகளுக்குப் பெரும்பாடு. இந்தியாவில் ஆறடி இரண்டு அங்குலம் என்றால் வளையத்துக்கு அடியில் நிற்க வைத்துவிடுவோம். பந்தை மேலே தூக்கிப் போடு, அவர் பார்த்துக்கொள்வார். அமெரிக்காவில் அந்த இடத்தில் நின்றவர்கள் யார் தெரியுமா? சிகாகோ ஸ்கை அணியின் நடு ஆட்டக்காரர் சில்வியா ஃபவுல்ஸ், ஆறடி ஆறு அங்குலம். லாஸ் ஏஞ்சலஸில் கேண்டஸ் பார்க்கர், ஆறடி நான்கு. அவர் வளையத்துக்கு அடியிலும் ஆடுவார், பந்தைத் தட்டிக்கொண்டு களம் முழுக்க ஓடி மற்றவர்களுக்குப் பகிர்ந்தும் கொடுப்பார். கீதுவின் உயரத்தில் இருப்பவர் அங்கே வெளியிலிருந்து எறியவும், பந்தோடு திரும்பி உடைத்துக்கொண்டு போகவும், தன்னைவிட வேகமான ஆளைக் காவல் காக்கவும் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஆண்டு அந்த லீக்கில் அணிகள் 12. அணிக்கு 11 இடம். உலகம் முழுவதிலிருந்தும் வருகிறவர்களுக்கு மொத்தம் 132 நாற்காலி. ஒப்பந்தம் கிடைக்கவில்லை.

திறமை போதவில்லை என்று இதை முடித்துவிடலாம். நான் அப்படி முடிக்க மாட்டேன். ஓர் அமெரிக்க அணி அன்று ஒரு பருவத்தில் ஆடிய லீக் ஆட்டங்கள் 34. வாரத்துக்கு இரண்டு, மூன்று. ஒவ்வொன்றிலும் தன்னளவு உயரமும் தன்னைவிட வலுவும் உள்ளவரோடு மோதல். அதோடு பலர் பனிக்காலத்தில் ஐரோப்பாவுக்கும் போய் ஆடினார்கள். நம் பெண்ணுக்கு என்ன இருந்தது? ஒரு தேசியச் சாம்பியன்ஷிப், ரயில்வேக்களுக்குள் ஒரு போட்டி, அழைப்பின் பேரில் சில கோப்பைகள், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆசியப் போட்டி. அதிலும் பெண்கள் தேசியப் போட்டியில் நாட்டின் நல்ல ஆட்டக்காரர்களை எல்லா மண்டலங்களிலிருந்தும் வேலைக்கு எடுத்துக்கொண்ட ரயில்வே அணி ஒரு பக்கம், மீதி இந்தியா மறு பக்கம். கீதுவுக்கு எதிராக நின்று அவரைத் திணற வைத்திருக்க வேண்டியவர்கள், அவரோடு ஒரே சட்டை போட்டுக்கொண்டு நின்றார்கள். நல்ல வேலை கொடுத்த அதே கை, நல்ல எதிரியை எடுத்துவிட்டது. எதிரி இல்லாமல் எந்த ஆட்டமும் ஏறாது.

2009 செப்டம்பரில் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் ஆசிய மகளிர் சாம்பியன்ஷிப் நடந்தது. கீதுவும் அனிதாவும் சொந்த நாட்டுக் கூட்டத்தின் முன் ஆடினார்கள். கோப்பையைச் சீனா கொண்டுபோனது. இறுதியில் தோற்றது கொரியா. இந்த இரண்டு நாட்டிலும், மூன்றாம் இடம் பிடித்த ஜப்பானிலும் பெண்களுக்கு லீக் இருந்தது. நமக்கு இல்லை. உயரத்தில் குறை சொல்ல ஜப்பானைப் பார்த்தால் வாய் வராது.

ஆண்கள் பக்கம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து விவசாயி மகன் சத்னம் சிங், 2015 ஜூன் 25 அன்று டல்லஸ் மேவரிக்ஸால் 52ஆவது ஆளாகத் தேர்வு செய்யப்பட்டார், என்.பி.ஏ. தேர்வில் இடம்பெற்ற முதல் இந்தியர். முதன்மை அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை, அதன் துணை அணியான டெக்சாஸ் லெஜண்ட்ஸில் ஆடினார். பிறகு அமெரிக்காவில் தொழில்முறை மல்யுத்த மேடை ஏறினார். 2015இல் யு.பி.ஏ. என்ற ஆண்கள் லீக் இங்கே வந்தது, சென்னைக்கு ஸ்லாம் என்று ஓர் அணியும் இருந்தது. 2017க்குப் பிறகு நின்றுபோனது. அதன் பிறகு ஐ.என்.பி.எல். என்ற லீக் வந்திருக்கிறது. டிரெண்டன் காலத்து அமெரிக்கா மாதிரி, லீக் முளைப்பதும் வாடுவதுமாக இருக்கிறோம்.

நிலைக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு நம் கபடியைக் காட்டுகிறேன். இந்த வட்டாரத்தில் கபடியைப் பற்றி நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. திருவிழா முடிந்த கையோடு கோடு கிழிக்கிற ஊர்கள் இவை. அதுவும் அலுவலக அணிகளின் விளையாட்டாகத்தான் இருந்தது. 2014இல் புரோ கபடி தொடங்கியபோது முதல் ஏலத்தில் உச்ச விலை ராகேஷ் குமாருக்கு; 12 லட்சத்து 80 ஆயிரம். 2018இல் மோனு கோயத்துக்கு 1 கோடியே 51 லட்சம். நான்கே ஆண்டு. பிடியும் பாட்டும் மாறவில்லை, வீரனின் தொடையும் மாறவில்லை. பார்க்கிறவர்கள் பணம் கொடுக்க ஒரு வழி திறந்தது, அவ்வளவுதான். அந்த வழி பெண்களின் கபடிக்கும் கூடைப்பந்துக்கும் இன்னும் அதே அகலத்தில் திறக்கவில்லை என்பது நாட்டுக்கே வெட்கம்.

லீக் வரட்டும் என்று காத்திராத ஒரு பெண்ணையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அர்கன்சாஸ்காரர் ஹேசல் வாக்கர். பெண்களுக்கு அங்கே தொழில்முறை லீக் ஏதும் இல்லாத 1949இல் தன் சொந்த அணியைத் தொடங்கினார். ஊர் ஊராக வண்டியில் போய், உள்ளூர் ஆண்கள் அணியோடு ஆண்கள் விதியிலேயே ஆடி, வசூலில் வாழ்ந்தார்கள். இடைவேளையில் உள்ளூர்க்காரர் யார் வேண்டுமானாலும் தன்னோடு தனி எறிதலுக்கு வரலாம் என்று சவால் விடுவார். நம் ஊர் நாடகக் கம்பெனிகள் போலப் பதினாறு ஆண்டு அப்படி ஓடினார்கள். டபிள்யூ.என்.பி.ஏ. முதல் பந்தைத் தூக்கிப் போட்டது 1997இல். இடையில் எத்தனை தலைமுறை ஹேசல்கள் தட்டச்சு செய்துகொண்டே காலத்தைக் கழித்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இப்போது பெற்றோர்களின் கேள்விக்கு என் நேரான பதில். கூடைப்பந்து சோறு போடும். இன்றைய தேதியில் அது வேலையின் வழியாகத்தான் போடும். தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வேயும் வங்கிகளும் படைகளும் ஆள் எடுக்கின்றன. ஆனால் அதற்கு வெறும் ஆசை போதாது. மாநில அளவிலும் தேசிய அளவிலும் ஆடிய சான்றிதழ் வேண்டும், பன்னிரண்டு பதின்மூன்று வயதில் தொடங்கியிருக்க வேண்டும், பள்ளிப் படிப்பையும் விட்டுவிடக் கூடாது. வேலை கிடைத்தால் அதைக் கைவிடச் சொல்லி உங்கள் பிள்ளைக்கு யாராவது வீரவசனம் பேசினால், கர்லண்டை நினைத்துக்கொண்டு அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மாணவர்களுக்கு ஒன்று. உயரமாக இருப்பவர்களே, உங்களை வளையத்துக்கு அடியில் நிறுத்தி வைத்தால் சம்மதிக்காதீர்கள். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடப் பழகுங்கள், தூரத்திலிருந்து எறியப் பழகுங்கள். குட்டையானவர்களே, உங்கள் பள்ளியின் உயரமான பெண் உங்கள் அணியில் இருந்தால் தினமும் அவரை எதிர்த்து ஆடுங்கள். அவருக்கும் நல்லது.

கடைசியாக இந்த ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஏழூர் அம்மன் திருவிழாவை ஏழு ஊரும் கூடி நடத்தத் தெரிந்த மண் இது. ஒரு சிமெண்டுத் தளம், சரியாகப் பத்தடி உயரத்தில் இரண்டு வளையம், நான்கு விளக்கு. இதற்கு ஏழு ஊர் தேவையில்லை, ஒரு தெரு போதும். அதைப் போட்டுக் கொடுங்கள். வாரத்தில் மூன்று மாலை அதைப் பெண் பிள்ளைகளுக்கு என்றே ஒதுக்குங்கள். ஆட்டம் முடிந்து ஏழரை மணிக்கு உங்கள் மகள் வியர்வையோடு வீட்டுக்கு வந்தால், ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். இன்றைக்கு எத்தனை பந்து போட்டாய் என்று கேளுங்கள்.